சம்பளத்தை மறித்தாலும் திருட்டுத்தான்: நியூசிலாந்தின் புதிய சட்டமும் எமது கடைகளும்

கடையில் வேலை செய்யும் பையன் ஒருவன் காசு லாச்சியில் இருந்து 50 டொலரை எடுத்தால் அது திருட்டு. பொலிஸ் வரும், வழக்கு வரும், அவனது விசாவும் ஆட்டம் காணும். அதே கடையின் முதலாளி அந்தப் பையனின் சம்பளத்தில் வாரத்துக்கு 50 டொலரைக் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டால் அதற்கு என்ன பெயர்? 2025 மார்ச் மாதம் வரை நியூசிலாந்துச் சட்டத்தில் அதற்குத் திருட்டு என்ற பெயர் இருக்கவில்லை. அது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான ஒரு பிணக்கு. தொழிற் பரிசோதகரிடம் முறையிடலாம், தொழில் உறவுகள் அதிகாரசபைக்குப் போகலாம், நிலுவையைக் கேட்டு வாங்கலாம், அபராதமும் விதிக்கப்படலாம். ஆனால் முதலாளி திருடியவர் ஆகமாட்டார்.

2025 மார்ச்சில் அது மாறியது. கொடுக்க வேண்டிய சம்பளத்தை நியாயமான காரணமின்றி வேண்டுமென்றே கொடுக்காமல் விடுவது குற்றவியல் சட்டத்தின் கீழ் ‘முதலாளி செய்யும் திருட்டு’ என்று பாராளுமன்றம் சட்டமாக்கியது. தனிநபருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 டொலர் வரை அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்துக்கு 30,000 டொலர் வரை அபராதம். நேஷனல், அக்ட் ஆகிய இரண்டு ஆளும் கட்சிகளும் எதிர்த்த சட்டமூலம் இது. கூட்டணியின் மூன்றாவது கட்சியான நியூசிலாந்து பெர்ஸ்ட் ஆதரித்ததால் நிறைவேறியது. அந்த வகையில் இது அபூர்வமான ஒன்று.

இதைவிட எமக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இந்தச் சட்டமூலத்தை முதலில் எழுதியவர் தொழிற்கட்சியின் இப்ராஹிம் ஓமர். எரித்திரியாவில் இருந்து தப்பி அகதியாக நியூசிலாந்து வந்தவர். இங்கே துப்புரவுத் தொழிலாளியாக வேலை செய்தபடி படித்து, தொழிற்சங்க அமைப்பாளராகிப் பாராளுமன்றம் போனவர். 2023 தேர்தலில் அவர் ஆசனத்தை இழந்த பின்னர் அதே கட்சியின் கமிலா பெலிச் சட்டமூலத்தைப் பொறுப்பேற்று நிறைவேற்றினார். ஆக, அகதி ஒருவரின் வேலைத்தல அனுபவம் இந்த நாட்டின் குற்றவியல் சட்டத்துக்குள் போயிருக்கிறது. அகதிகளாக வந்த நாம் இதில் பெருமைப்படலாம். பெருமைப்பட்ட பிறகு, எமது கடைகளின் பின்னறைகளையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

யாருடைய காசுக்கு எவ்வளவு மதிப்பு?

சம்பளத்தில் கழிக்கப்படும் வரியை முதலாளி உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டாமல் தெரிந்தே வேறு செலவுக்கு எடுத்தால் அது குற்றம். அதற்கு 5 ஆண்டு வரை சிறை என்பது இங்கே நெடுங்காலமாக உள்ள சட்டம். ஒரு தொழிலாளி 1,000 டொலருக்கு மேல் பெறுமதியான பொருளைத் திருடினால் 7 ஆண்டு வரை சிறை என்பதும் புதிதாக வந்ததல்ல. அதாவது ஒரே சம்பளச் சிட்டையில் அரசாங்கத்துக்குப் போக வேண்டிய பகுதியைத் தொட்டால் அன்றும் குற்றம். தொழிலாளியின் கைக்குப் போக வேண்டிய பகுதியைத் தொட்டால் 2025 வரை வெறும் பிணக்கு. இன்றும்கூட இரண்டுக்கும் உரிய தண்டனை ஒன்றல்ல. சட்டம் இரண்டு காசையும் ஒரே தராசில் வைக்கவில்லை என்பதைக் கணக்கு எழுதும் எம்மைப் போன்றவர்கள் எப்போதோ கண்டிருக்கிறோம். வரிக் கணக்கில் பிழை வந்தால் இரவிரவாகப் பதறும் முதலாளிகள், விடுமுறைச் சம்பளத்தில் பிழை வந்தால் ‘பிறகு பார்க்கலாம்’ என்பார்கள்.

தெற்கு ஒக்லாந்தின் அனுபவம்

ஊழல் குறைந்த நாடுகளின் பட்டியலில் நியூசிலாந்துக்கு எப்போதும் நல்ல இடம். ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் 2024ஆம் ஆண்டுச் சுட்டியில் 83 புள்ளிகளுடன் 4ஆவது இடம். அதே பட்டியலில் இலங்கைக்கு 32 புள்ளிகள், 121ஆவது இடம். ஆனால் அந்தச் சுட்டி அளப்பது அரச துறையை. கிரேட் சவுத் ரோட்டோடு ஒட்டாஹுஹுவில் இருந்து பாப்பாடோய்டோய், மனுகாவ், மனுரேவா என்று நீளும் கடைகளின் சமையலறையையும் களஞ்சியத்தையும் அது அளப்பதில்லை.

2023 ஓகஸ்ட்டில் வெளிவந்ததை மறந்திருக்க மாட்டோம். இந்தியாவில் இருந்தும் வங்காளதேசத்தில் இருந்தும் வேலை விசாவில் வந்த 115 பேர் ஒக்லாந்தில் ஆறு வீடுகளில் அடைபட்டிருந்தார்கள். அதில் ஒன்று பாப்பகுராவில் இருந்த மூன்று அறை வீடு, அதற்குள் சுமார் 40 பேர். விசாவுக்கும் வேலைக்கும் என்று ஆயிரக்கணக்கான டொலர் கட்டிவிட்டு வந்தவர்களுக்கு வேலையே இருக்கவில்லை. அவர்களைக் கொண்டுவந்தது 2022 ஜூலையில் தொடங்கிய, அரச அங்கீகாரம் பெற்ற முதலாளிகளுக்கான விசா முறை. 2024 பெப்ரவரியில் வெளியான விசாரணை அறிக்கை, விண்ணப்பங்களை விரைவாக முடிப்பதற்காகச் சோதனைகள் தளர்த்தப்பட்டதையும் அதனால் வரக்கூடிய ஆபத்து போதியளவு மதிப்பிடப்படாததையும் சுட்டிக்காட்டியது. ‘அங்கீகாரம் பெற்ற முதலாளி’ என்ற முத்திரை நல்ல முதலாளி என்பதற்கான சான்றிதழ் அல்ல என்பது அன்று தெளிவானது.

அதற்கு முன்னரும் பாடங்கள் இருந்தன. ஒக்லாந்தின் ரோயல் ஸ்வீட்ஸ் கபே வழக்கில், தமது நாட்டவரான வங்காளதேசத் தொழிலாளர்களைச் சுரண்டிய கணவனுக்கும் மனைவிக்கும் 2019 மே மாதம் சிறைத்தண்டனை கிடைத்தது. கணவனுக்கு 4 ஆண்டு 5 மாதம், மனைவிக்கு 2 ஆண்டு 6 மாதம். அதற்கு முன், 2016 டிசம்பரில், பிஜியில் இருந்து ஆட்களை ஏமாற்றிக் கொண்டுவந்த ஒருவருக்கு 9 ஆண்டு 6 மாதச் சிறை விதிக்கப்பட்டது. அது இந்த நாட்டின் முதல் ஆட்கடத்தல் தண்டனை. அவரும் பிஜியில் பிறந்தவரே. ஒரே மொழி, ஒரே ஊர், ஒரே சாப்பாடு என்ற நம்பிக்கைதான் இந்த வழக்குகளில் தூண்டிலாக இருந்தது.

கணக்கில் தெரியாத திருட்டு

வழக்குக்குப் போகும் அளவு கொடுமைகள் சில. வழக்குக்குப் போகாமலே ஆண்டுக்கணக்கில் நடப்பவை பல. அவற்றின் முறைகள் எமக்குப் புதியவை அல்ல.

முதலாவது, மணித்தியாலத்தைக் குறைத்து எழுதுவது. அங்கீகார வேலை விசாவுக்கு வாரம் குறைந்தது 30 மணித்தியால வேலை வேண்டும். ஆகவே கணக்கில் 30 என்று எழுதப்படும், வேலையோ 50 மணித்தியாலம். மிகுதி 20க்கும் கையில் மணிக்கு 10 டொலர். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 23.50 டொலரை வைத்துக் கூட்டிப் பார்ப்போம். 50 மணித்தியாலத்துக்கு வர வேண்டியது 1,175 டொலர். சிட்டையில் வருவது 705. கையில் வருவது 200. வாரத்துக்கு இழப்பு 270 டொலர், 52 வாரத்துக்கு 14,040 டொலர். வரி கழிக்க முன்னுள்ள தொகை என்றாலும் ஒரு குடும்பத்துக்கு அது சிறிய காசு அல்ல. கணக்கில் வராத 20 மணித்தியாலத்துக்கு விடுமுறைச் சம்பளம் இல்லை, கிவிசேவர் இல்லை, விபத்து நடந்தால் நட்டஈடு கணக்கிடும்போதும் அந்த உழைப்பு இல்லை.

இரண்டாவது, கொடுத்துத் திருப்பி வாங்குவது. வங்கிக் கணக்கில் முழுச் சம்பளமும் விழும். மறுநாள் அதில் ஒரு பகுதியைக் காசாக எடுத்து முதலாளியிடம் கொடுக்க வேண்டும். புத்தகம் பளிங்குபோல் இருக்கும். அவுஸ்திரேலியாவில் 2015இல் அம்பலமான செவன் இலெவன் கடைகளின் மோசடியில் இதுவும் ஒரு முறை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பகுதி தெற்காசிய மாணவர்கள். அந்த நிறுவனம் கடைசியில் 170 மில்லியன் டொலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தது.

மூன்றாவது, வேலைக்கே விலை வைப்பது. ‘விசாவுக்கு 30,000 கொடு, பிறகு சம்பளத்தில் எடு’ என்ற பேச்சுக்களை எமது சமூகத்திலும் கேட்கிறோம். வேலை தருவதற்குக் காசு வாங்குவதை 1983ஆம் ஆண்டின் சம்பளப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. நான்காவது, கழிவுகள். பெற்றோல் அடித்துவிட்டுக் காசு கொடுக்காமல் ஓடியவரின் கடனும், லாச்சியில் குறைந்த காசும், உடைந்த போத்தலும் தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்கப்படுகின்றன. எழுத்தில் சம்மதம் வாங்கியிருந்தாலும் நியாயமற்ற கழிவு செல்லாது.

கணக்காளருக்கும் ஒரு பங்கு உண்டு

‘முதலாளி தந்த மணித்தியாலத்தைத்தான் பதிந்தோம்’ என்பது எமது தொழிலில் உள்ளவர்களின் வழக்கமான பதில். அந்தப் பதில் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை மெல்பேர்ணில் நடந்த ஒரு வழக்கு காட்டியது. ஈசி அக்கவுண்டிங் 123 என்ற கணக்கியல் நிறுவனம், ஒரு ஜப்பானியத் துரித உணவுக் கடையின் சம்பளக் கணக்கைப் பார்த்துவந்தது. குறைத்துச் சம்பளம் கொடுக்கப்பட்டவர்கள் இரண்டு தொழிலாளர்கள். குறைந்த தொகை மொத்தம் பத்தாயிரம் டொலருக்கும் கீழ். தமது கணினியில் இருந்த சம்பள விகிதம் சட்டப்படியான விகிதத்துக்குக் குறைவு என்பது கணக்கியல் நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டது என்று நீதிமன்றம் கண்டது. 2017இல் அந்த நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 53,880 டொலர். மேன்முறையீடும் தோற்றது. நியூசிலாந்திலும் 2016 ஏப்ரலில் இருந்து, தொழிற்சட்ட மீறலுக்குத் தெரிந்தே துணைபோனவர்களையும் பொறுப்பாளிகளாக்கும் பிரிவுகள் நடைமுறையில் உள்ளன.

எமது தொழிலின் நெறிக்கோவை ஐந்து அடிப்படைகளைச் சொல்கிறது: நேர்மை, பக்கச்சார்பின்மை, திறமையும் உரிய கவனமும், இரகசியம் காத்தல், தொழிலுக்குரிய நடத்தை. இதில் நான்காவதை மட்டும் பிடித்துக்கொண்டு முதலாவதை விட்டுவிடுவது வசதியான பழக்கம். சட்டமீறலைக் கண்டால் பேசாமல் இருக்க முடியாது, முதலில் நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்ல வேண்டும், திருந்தாவிட்டால் அடுத்து என்ன என்று யோசிக்க வேண்டும் என்பது 2017இல் இருந்து சர்வதேச நெறிக்கோவையில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது.

மேலிடம் சொன்னதால் செய்தோம் என்பதும் காப்பாற்றாது. அமெரிக்காவின் வேர்ல்ட்கொம் நிறுவனத்தில் பெற்றி வின்சன் என்ற கணக்காளர், மேலதிகாரிகள் சொன்ன பொய்ப் பதிவுகளை மனமில்லாமலே எழுதினார். வேலையை விட நினைத்தார், ஆனால் விடவில்லை. 2005இல் அவருக்கு 5 மாதச் சிறையும் 5 மாத வீட்டுக்காவலும் கிடைத்தன. அதே நிறுவனத்தில் உள்ளகக் கணக்காய்வுக்குப் பொறுப்பாக இருந்த சிந்தியா கூப்பர், தனது குழுவுடன் இரவில் இருந்து பதிவுகளைத் தேடி 2002இல் 3.8 பில்லியன் டொலர் மோசடியை வெளிக்கொண்டு வந்தார். இருவரும் பார்த்தது ஒரே நிறுவனத்தின் புத்தகங்களை.

நாம் ஏன் பேசுவதில்லை?

முதற் காரணம் விசா. முதலாளியின் பெயர் எழுதப்பட்ட விசாவை வைத்திருப்பவர் முதலாளியோடு வாதாட மாட்டார். அது கோழைத்தனம் அல்ல, கணக்கு.

இரண்டாவது காரணம் நன்றி. வந்திறங்கிய வாரத்தில் தங்க இடமும் கையில் வேலையும் தந்தவரை நாம் ‘அண்ணை’ என்றும் ‘மாமா’ என்றும் கூப்பிடுகிறோம். அண்ணையிடம் மணித்தியாலக் கணக்குக் கேட்பதற்கு வாய் வராது. கேட்டால், ‘நான் இல்லாட்டி நீ இண்டைக்கு எங்கை நிற்பாய்?’ என்ற ஒரு வரியில் பேச்சு முடிந்துவிடும். செய்நன்றி மறக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால் நன்றி என்பது கொடுப்பவர் மனதில் இருந்து வர வேண்டியது. வாங்குபவர் அதை வாரத்துக்கு 270 டொலர் என்று வசூலித்தால் அது கடன், அதுவும் மீற்றர் வட்டிக் கடன்.

மூன்றாவது காரணம் மானம். ‘வெள்ளைக்காரனுக்கு முன்னாலை எங்கட ஆக்களைக் காட்டிக்கொடுப்பதா?’ என்ற கேள்வி. காட்டிக்கொடுப்பு என்ற சொல்லுக்கு எமது வரலாற்றில் எவ்வளவு பாரம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாரத்தை ஒரு கடையின் சம்பளப் பிரச்சினை மேல் ஏற்றுவது நியாயமா? மலையகத்தில் தோட்ட நிர்வாகங்கள் தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியைக் கட்டாமல் இழுத்தடித்தபோது அதை அநீதி என்று எழுதியவர்கள் நாம். அதே கழிவை மனுகாவில் எம்மவர் ஒருவர் செய்தால் அதற்கு வேறு பெயர் வைக்க முடியாது.

முதலாளிகளின் பக்கமும் உண்டு. பெரும்பாலானவர்கள் தாமும் ஒரு காலத்தில் மணிக்கு சில டொலருக்குப் பாத்திரம் கழுவியவர்கள். வாடகை ஏறுகிறது, இரண்டு பெரிய சுப்பர்மார்க்கெட் நிறுவனங்களோடு விலையில் போட்டி போட முடியவில்லை, காரை விட்டு மோதிக் கடையை உடைக்கும் கொள்ளையர் தொல்லை வேறு. சட்டப்படி சம்பளம் கொடுத்தால் கடையை மூட வேண்டிவரும் என்று சிலர் உண்மையாகவே சொல்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பதில்தான் உண்டு. வாடகையைக் குறைத்துக் கட்ட முடியாது, மின்சாரத்தைக் குறைத்துக் கட்ட முடியாது. குறைக்கக்கூடியது சம்பளம் மட்டும் என்றால், அந்தக் கடையை நடத்துவது முதலாளியின் முதல் அல்ல, தொழிலாளியின் காசு. பக்கத்துத் தெருவில் சட்டப்படி சம்பளம் கொடுக்கும் இன்னொரு தமிழ்க் கடைக்காரருக்கும் இது அநீதி. அவர் நேர்மையாக இருப்பதற்காக நட்டப்படுகிறார்.

‘அவனும் சம்மதித்துத்தானே வந்தான்’ என்ற வாதமும் நிற்காது. குறைந்தபட்ச உரிமைகளை ஒப்பந்தத்தால் விட்டுக்கொடுக்க இந்த நாட்டின் சட்டம் இடம் தரவில்லை.

திருக்குறளில் வணிகருக்குச் சொல்லப்பட்ட குறள் பொருட்பாலில் இல்லை. அறத்துப்பாலில், இல்லறவியலில், நடுவுநிலைமை அதிகாரத்தில் இருக்கிறது. வியாபாரத்தை வீட்டு வாழ்க்கையின் அறத்தோடு சேர்த்து வைத்தவர்களின் வழி வந்தவர்கள் நாம். ‘வியாபாரம் வேறு, தர்மம் வேறு’ என்று எம்மவர் சொல்லும்போது அது எந்த ஊர்ப் பழமொழி என்று தெரியவில்லை.

தொழிலாளியின் பக்க நேர்மையையும் விட்டுவிட முடியாது. அரச உதவிப் பணம் எடுத்துக்கொண்டு காசுக்கு வேலை கேட்பவர்கள், வருத்தம் என்று அறிவித்துவிட்டு இன்னொரு இடத்தில் வேலை செய்பவர்கள், நண்பனின் வரவைத் தாம் பதிந்து விடுபவர்கள் எம்மிலும் உண்டு. கணக்கில் வராத காசு இரண்டு பக்கத்தையும் கட்டிப்போடுகிறது. இன்று அதை விரும்பி வாங்குபவர், நாளை முறையிட வேண்டி வந்தால் தன் கையிலேயே ஆதாரம் இல்லாமல் நிற்பார்.

செய்யக்கூடியவை

வேலை செய்பவர்கள்: தினமும் தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். வங்கிக் கூற்றுக்களையும் வேலை நேர அட்டவணைக் குறுஞ்செய்திகளையும் அழிக்காதீர்கள். சம்பள, நேரப் பதிவுகளை முதலாளி 6 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நீங்கள் கேட்டால் காட்டவும் வேண்டும். சம்பள நிலுவையை 6 ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம். சுரண்டலை முறையிட 0800 200 088 என்ற இலவச இலக்கம் உண்டு. முறைப்பாடு ஏற்கப்பட்டால், அந்த முதலாளியை விட்டு விலகி வேறு இடத்தில் வேலை செய்ய 6 மாதம் வரையிலான, கட்டணமில்லாத பாதுகாப்பு விசா 2021 ஜூலையில் இருந்து நடைமுறையில் உள்ளது. 6 மாதம் போதாது என்பது உண்மை. ஆயினும் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்ட கயிற்றை அது அவிழ்க்கிறது. சட்ட விளக்கம் தேவையென்றால் சமூகச் சட்ட நிலையங்களும் பிரஜைகள் ஆலோசனை நிலையங்களும் இலவசமாக உதவுகின்றன.

கடை நடத்துபவர்கள்: 2024 ஜனவரி 6 முதல் தொழிற் பரிசோதகர் பதிவுகளைக் கேட்டால் 10 வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் உடனடி அபராதச் சிட்டை வரும். தற்காலிக விசாவில் உள்ளவரைப் பாரதூரமாகச் சுரண்டினால் குடிவரவுச் சட்டத்தின் கீழ் 7 ஆண்டு வரை சிறை, 100,000 டொலர் வரை அபராதம். பழைய நிலுவை இருந்தால், பரிசோதகர் கதவைத் தட்டும் முன்னர் கணக்காளரை இருத்திக் கணக்குப் பார்த்துத் தவணை முறையிலாவது கொடுத்து முடியுங்கள். அதற்கு எமது தொழிலில் உள்ளவர்கள் உதவத் தயார். மறைப்பதற்கு உதவி கேட்டுத்தான் பெரும்பாலும் எம்மிடம் வருகிறார்கள் என்பதே கவலை.

எமது சங்கங்கள்: கோயில் திருவிழா உபயத்தையும், பழைய மாணவர் சங்க இரவு விருந்தின் அனுசரணையையும் பெரும்பாலும் கடைக்காரர்களே பொறுப்பேற்கிறார்கள். அவர்களின் பெயர் பதாகையில் பெரிதாக வரும். அந்த விருந்து மண்டபத்தில் அதே கடையில் நின்றபடி 50 மணித்தியாலம் வேலை செய்து 30க்குச் சம்பளம் வாங்கியவர் ஒருவரும் இருக்கக்கூடும். அனுசரணை வாங்க முன்னர், ‘உங்கள் வேலையாட்களுக்குச் சட்டப்படி சம்பளம் கொடுக்கிறீர்களா?’ என்ற ஒரு கேள்வியை எந்தச் சங்கமாவது விண்ணப்பத்தில் சேர்க்குமா? நேர்மையான கடைக்காரருக்கு அந்தக் கேள்வியால் எந்தக் குறையும் வராது. ஆம் என்று எழுதிக் கையெழுத்து வைக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும்.